ராஞ்சி ரைனோஸைத் தேடி ஒரு பயணம்

புதன், ரயிலில்

சேலத்தில் தன்பாத் எக்ஸ்பிரஸ் பிடித்தாச்சு. ஆலப்புழாவில் கிளம்பி கோவை, திருப்பூர், ஈரோடு வழியாக வருகிற வண்டி, அப்புறம் காட்பாடி, விஜயவாடா, விசாகப்பட்டினம் என்று கிழக்குக் கரையைப் பிடித்து ஏறி, ஒடிசாவுக்குள் புகுந்து ராஞ்சி வழியாக தன்பாத் போகும். ஸ்லீப்பர் பெட்டியில் பாதிக்கு மேல் ஜார்கண்டும் ஒடிசாவும்தான். பனியன் கம்பெனியிலும் ஸ்பின்னிங் மில்லிலும் வேலை பார்த்துவிட்டு லீவுக்கு ஊர் போகிற பையன்கள், ஒவ்வொருவர் காலடியிலும் ஒரு பெரிய பை, பைக்குள் வீட்டுக்கு வாங்கிய பனியன், துண்டு, பிள்ளைகளுக்கு கவுன்.

நான் ராஞ்சி போவது ஹாக்கிக்காக. அங்கே இப்போது போட்டி எதுவும் இல்லை. ஒரு காலத்தில் அந்த ஊருக்கு ஒரு அணி இருந்தது, ராஞ்சி ரைனோஸ் என்று பெயர். 2013-ல் ஹாக்கி இந்தியா லீக் ஆரம்பித்தபோது மொத்தமே ஐந்து அணிகள்: டெல்லி வேவ்ரைடர்ஸ், பஞ்சாப் வாரியர்ஸ், உத்தரப் பிரதேச விஸார்ட்ஸ், மும்பை மெஜிஷியன்ஸ், ரைனோஸ். முதல் வருடமே கோப்பையை அடித்தது ரைனோஸ். அடுத்த வருடமும் ஆடியது. மூன்றாவது சீசனுக்கு அந்த அணியே இல்லை. முதல் சாம்பியன் என்று பட்டியலில் பெயர் இருக்கிறது, பெயருக்குச் சொந்தமான அணி கிடையாது. எனக்கு இது ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நான் பிறந்தது கோவில்பட்டி. அங்கே ஹாக்கி மட்டை இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதனால் ஓர் ஊருக்கு ஹாக்கி எவ்வளவு பெரிய விஷயமாக இருக்க முடியும் என்று யாரும் எனக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நம் சென்னைக்கும் இந்தக் கதை புதிதில்லை. 2005-ல் பிரீமியர் ஹாக்கி லீக் வந்தபோது சென்னை வீரன்ஸ் வந்தது, 2008-ல் லீக்கே நின்றது. 2012-ல் வேர்ல்ட் சீரிஸ் ஹாக்கி வந்தபோது சென்னை சீட்டாஸ், அது ஒரே ஒரு சீசன். எழும்பூர் ஸ்டேடியத்தில் கத்தித் தொண்டை கட்டிய ஆட்கள் இன்றும் இருக்கிறார்கள். யாருக்காகக் கத்தினோம் என்று மகனுக்குக் காட்ட அவர்களிடம் எதுவும் இல்லை.

வியாழன், இன்னும் ரயிலில்தான்

காலையில் ஆந்திராவில் கண் விழித்தேன். எதிர் பெர்த்தில் இருந்த தம்பி திருப்பூரில் கட்டிங் மாஸ்டருக்கு உதவியாளாக நாலைந்து வருடமாக இருக்கிறாராம், தமிழ் அருமையாகப் பேசுகிறார், அதுவும் திருப்பூர்த் தமிழ், "ஏனுங்ணா" என்றுதான் ஆரம்பிக்கிறார். ஊர் ஜார்கண்டின் சிம்டேகா மாவட்டம் என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். சிம்டேகா என்றால் இந்திய ஹாக்கியில் சாதாரணப் பெயர் இல்லை. 1975 உலகக் கோப்பை ஜெயித்த அணியில் இருந்த மைக்கேல் கிண்டோ அந்தப் பக்கம், 1980 மாஸ்கோ ஒலிம்பிக் தங்க அணியில் இருந்த சில்வானஸ் டுங்டுங் அந்தப் பக்கம். மாஸ்கோ அணிக்கு கேப்டன் நம்ம சென்னை வி. பாஸ்கரன். இந்த ரயிலின் ஒரு முனைக்காரரும் மறு முனைக்காரரும் ஒரே தங்கத்தைக் கழுத்தில் போட்டவர்கள்.

ரைனோஸ் ஞாபகம் இருக்கா தம்பி என்று கேட்டேன்.

"என்னங்ணா இப்படிக் கேட்டுட்டீங்க, ஃபைனல் நேர்ல பார்த்தேன்."

அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாராம். ஊரிலிருந்து ஒரு வேன் பிடித்து, உள்ளே பதினைந்து பேர், மேலே எத்தனை பேர் என்று தெரியாது, மாமா ஒருத்தர் கூட்டிப்போனாராம். 2013 பிப்ரவரி 10, ராஞ்சிக்கும் டெல்லிக்கும் இறுதிப் போட்டி, ராஞ்சியிலேயே. 2-1 என்று ரைனோஸ் ஜெயித்தது. கோல் எப்படி விழுந்தது என்று கேட்டால் தம்பிக்குச் சொல்லத் தெரியவில்லை, முன்னால் நின்ற பெரியவர்களின் முதுகுதான் தெரிந்ததாம். ஆனால் மோரிட்ஸ் ஃபூர்ஸ்டே பந்தை நிறுத்துகிற விதத்தை ரயில் பெர்த்தில் குனிந்து, தண்ணீர் பாட்டிலை மட்டையாக வைத்துக் காட்டினார். இடது தோளைக் கொஞ்சம் முன்னால் போட்டு, மட்டையைத் தரையோடு சாய்த்து, பந்து வந்து ஒட்டிக்கொள்கிற மாதிரி. பக்கத்து சீட்டு அம்மா காலை மடக்கிக்கொண்டு இடம் விட்டார்.

ஃபூர்ஸ்டேதான் ரைனோஸ் கேப்டன். ஜெர்மனிக்காரர், 2008, 2012 என்று அடுத்தடுத்து இரண்டு ஒலிம்பிக் தங்கம், 2012-ன் உலகச் சிறந்த வீரர். ஏலத்தில் ராஞ்சி அவரை எடுத்தது 75,500 டாலருக்கு. பயிற்சியாளர் தென்னாப்பிரிக்காவின் கிரெக் கிளார்க். உலகத்தின் நம்பர் ஒன் ஆட்டக்காரர் ராஞ்சியைத் தன் ஊர் மாதிரி நினைத்து ஆடினார் என்றால், அந்த ஊர்ப் பையனுக்கு அது என்ன கொடுத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சிம்டேகாவிலிருந்து வேனில் வந்த ஒரு சிறுவன் பத்து வருடத்துக்கு மேல் கழித்தும் அந்தத் தோளை ஞாபகம் வைத்திருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை ஊர்ப்பக்கம் கஸ்ஸி போட்டி இருக்கிறது, வந்துடுங்கண்ணா என்று சொல்லியிருக்கிறார். கஸ்ஸி என்றால் கிடா. ஜெயித்தவர்களுக்கு அதுதான் பரிசு. கட்டாயம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

விசாகப்பட்டினம் தாண்டி ராயகடா பக்கம் மலைக்குள் வண்டி நுழையும்போது சிக்னல் போய்விட்டது, இதை இரவில்தான் பதிவிடுகிறேன்.

வெள்ளி, ராஞ்சி

குளிர். ஸ்வெட்டர் போதவில்லை, ஃபிராயாலால் சவுக் பக்கம் ஒரு கடையில் சால்வை வாங்கினேன். காலைச் சாப்பாடு துஸ்கா. அரிசியும் பருப்பும் அரைத்து எண்ணெயில் பொரிப்பது, நம் பஜ்ஜி மாவை நேராக எண்ணெயில் ஊற்றினால் வருகிற மாதிரி தட்டையாக இருக்கும், கூட உருளைக்கிழங்கு கொண்டைக்கடலைக் குழம்பு. ராஞ்சி போகிறவர்கள் தவற விடாதீர்கள்.

அப்புறம் மோராபாதி. தாகூர் மலைக்குப் பக்கத்திலேயே ஸ்டேடியம். இப்போது அதன் பெயர் மராங் கோம்கே ஜெய்பால் சிங் முண்டா ஹாக்கி ஸ்டேடியம். ரைனோஸ் ஆடியது இந்த மைதானத்தில்தான். வாசலில் அனுமதி கேட்டதும் காவலர் ஒரு நிமிடம் பார்த்தார், ஹாக்கி பார்க்கத் தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கிறேன் என்றதும் போங்க என்று விட்டுவிட்டார். உள்ளே பெண் பிள்ளைகள் பயிற்சி. தண்ணீர் அடித்து முடித்த டர்ஃப், அதாவது செயற்கைப் புல் தரை, ஓடுகிற கால்களுக்குப் பின்னால் நீர் தெறிக்கிறது, பந்து உருளும்போதும் அதன் பின்னால் ஒரு சின்ன நீர்க்கோடு. ஒரு பெண் பெனால்டி கார்னர் தள்ளிவிடுகிற வேலையையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தாள். கோட்டில் நின்று தள்ளுவது, அவ்வளவுதான், அடிப்பது வேறொருத்தி. பந்து ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்துக்குப் போனது. அரை மணி நேரம் அதை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜெய்பால் சிங் யார் என்று தமிழில் அதிகம் எழுதப்படவில்லை, அதனால் கொஞ்சம் சொல்கிறேன். 1903-ல் குந்தி பக்கம் டக்ரா கிராமத்தில் பிறந்த முண்டா பழங்குடிப் பிள்ளை. ராஞ்சி செயின்ட் பால்ஸ் பள்ளியில் படித்து, அங்கிருந்து ஆக்ஸ்ஃபோர்டு வரைக்கும் போனவர். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணிக்கு கேப்டன். இந்தியா ஹாக்கியில் முதல் ஒலிம்பிக் தங்கம் வாங்கியது அப்போதுதான், 29 கோல் அடித்து ஒரு கோல்கூட வாங்காமல். இறுதிப் போட்டிக்கு முன்பே அவர் அணியை விட்டு விலகிவிட்டார் என்பது தனிக் கதை. ஹாக்கிக்காக ஐசிஎஸ் என்கிற ஆங்கிலேயர் காலத்து உயர் அதிகாரி வேலையையே விட்டார். பிறகு ஆதிவாசி மகாசபைக்குத் தலைவர், அரசியல் நிர்ணய சபையில் பழங்குடிகளின் குரல், ஜார்கண்ட் தனி மாநிலம் வேண்டும் என்று 1930-களின் கடைசியிலிருந்து பேசியவர். மாநிலம் பிறந்தது 2000 நவம்பர் 15, அவர் இறந்து முப்பது வருடம் கழித்து.

இப்படிப்பட்ட ஒரு மண்ணில் ஆரம்பித்த அணிக்குக் காண்டாமிருகத்தின் பெயரை வைத்தார்கள் என்பதில் எனக்கு வருத்தம்தான். யானை திரிகிற காடு இது, மாநில விலங்கே யானை. யாரோ எங்கேயோ உட்கார்ந்து பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனாலும் ஊர் அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டது, அதற்காகக் கத்தியது, அதுதான் முக்கியம்.

ரைனோஸில் யார் யார் ஆடினார்கள் என்று பாருங்கள். மன்பிரீத் சிங், பிற்பாடு டோக்கியோ ஒலிம்பிக்கில் 41 வருடம் கழித்து இந்தியா பதக்கம் வாங்கியபோது கேப்டன் அவர்தான். சிம்டேகாவின் பீரேந்திர லக்ரா, டோக்கியோ அணியில் தடுப்பாட்டக்காரர். மன்தீப் சிங், லீக் நடந்துகொண்டிருந்தபோதுதான் அவருக்கு 18 வயது நிரம்பியது, அந்த சீசனில் 10 கோல் அடித்து நேரே இந்திய அணிக்குப் போனார். மூன்று பேருமே டோக்கியோ வெண்கலம். பெரிய வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் பக்கத்தில் தினமும் பயிற்சி செய்து, ஒரே அறையில் சாப்பிட்டு, பயம் தெளிந்து வளர்ந்த பையன்கள் இவர்கள். ஒரு சிறிய லீக் செய்கிற பெரிய வேலை இதுதான், இதை யாரும் குறைத்துச் சொல்லக் கூடாது.

2014 இறுதிப் போட்டியும் ராஞ்சியில்தான் நடந்தது. ஆனால் ஆடியது டெல்லியும் பஞ்சாபும், ஷூட்அவுட்டில் டெல்லி ஜெயித்தது. சொந்த ஊரில் கோப்பையை வேறு அணி தூக்குவதைப் பார்த்ததோடு ரைனோஸ் கதை முடிந்தது. உரிமையாளர்களுக்கும் லீக்கை நடத்திய ஹாக்கி இந்தியா அமைப்புக்கும் ஒத்துப்போகவில்லை, அணி லீக்கை விட்டு வெளியேறியது. இடத்தைக் காலியாக விடக் கூடாது என்று ராஞ்சி ரேஸ் என்று புது அணி வந்தது, தோனியும் அதில் ஒரு பங்குதாரர். அதுவும் 2015-ல் வந்த முதல் வருடமே கோப்பையை அடித்தது! அதாவது மூன்று வருடத்தில் இந்த ஊருக்கு இரண்டு கோப்பை, இரண்டு வெவ்வேறு பெயரில், இரண்டு வெவ்வேறு சட்டையில். 2017-க்குப் பிறகு லீக்கே நின்றுபோனது, மறுபடி ஆரம்பித்தது 2024 டிசம்பரில்.

ஸ்டேடியத்துக்கு எதிரே டீ குடிக்கும்போது கடைக்காரரிடம் கேட்டேன், உங்களுக்கு எந்த அணி பிடிக்கும் என்று. ராஞ்சி என்றார். எந்த ராஞ்சி, ரைனோஸா ரேஸா? மறுபடியும் ராஞ்சி என்றுதான் சொன்னார். அவர் சொல்வது சரி. நான் கேட்டதுதான் வெளியூர்க்காரன் கேள்வி.

என் கட்சி இதுதான். ஓர் அணியைக் குறைந்தது பத்து வருடம் நடத்த முடியாவிட்டால் ஆரம்பிக்கவே கூடாது. எட்டு வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்த பிள்ளை பதினெட்டு வயதில் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்க வேண்டும். அதற்குத்தான் ஊர்ப் பெயரை அணிக்கு முன்னால் போடுகிறோம். ரைனோஸ் கோப்பை வாங்கியபோது சிம்டேகாவின் பட்கிச்சாபர் கிராமத்தில் சலீமா டேட்டேக்கு 11 வயது. 2024-ல் அவர் இந்தியப் பெண்கள் அணி கேப்டன். 2025 ஜனவரியில் பெண்களுக்கான லீக் முதல் தடவையாக இதே ராஞ்சி மைதானத்தில் நடந்தபோது சலீமா வந்தார், ஆனால் வேற்று மாநிலத்து சூர்மா அணிக்காக. அவர் எங்கே ஆடினாலும் எங்களுக்குச் சந்தோஷம்தான் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கென்னவோ அந்தச் சட்டையில் ராஞ்சி என்று எழுதியிருக்க வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது.

சனி, குந்தி வழியாக சிம்டேகா

பஸ் பயணம். குந்தி, தோர்பா, கோலேபிரா என்று போகிற பாதை, சால் மரக்காடு, நடுநடுவே அறுவடை முடிந்த வயல்கள். குந்தியில் பஸ் நின்றபோது இறங்கி டீ. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆடிய நிக்கி பிரதான் இந்த மாவட்டத்தின் ஹேசல் கிராமம், ஜார்கண்டிலிருந்து ஒலிம்பிக் போன முதல் ஹாக்கி வீராங்கனை. ஆங்கிலேயரை எதிர்த்துப் போராடிய பழங்குடித் தலைவர் பிர்சா முண்டா பிறந்த உலிஹாத்துவும் இந்த மாவட்டம்தான். போக ஆசை, நேரம் இல்லை.

பாதை நெடுக ஒன்றைக் கவனித்தேன். கிரிக்கெட் ஆடுகிற பையன்களும் இருக்கிறார்கள், இல்லாமல் இல்லை. ஆனால் பள்ளிக்கூட மைதானம் என்று வந்தால் ஹாக்கி கோல் கம்பம்தான் நிற்கிறது, இரண்டு மூங்கில், மேலே ஒரு குறுக்கு மூங்கில். மிஷன் பள்ளிகள் வழியாக வந்த ஆட்டம் இது. ஜெர்மன் லூத்தரன் பாதிரிகள் 1845-ல் ராஞ்சி வந்தார்கள், நாற்பது வருடம் கழித்து கத்தோலிக்க ஏசு சபையினர். அவர்கள் கட்டிய பள்ளிகளில் வேரூன்றிய ஆட்டம் அப்படியே கிராமத்துக்கு இறங்கிவிட்டது.

சிம்டேகா லாட்ஜில் வெந்நீர் வரவில்லை. வேறு சொல்ல எதுவும் இல்லை, தூங்கப் போகிறேன்.

ஞாயிறு, கிடா போட்டி

காலையில் தம்பி பைக்கோடு வந்துவிட்டார். முதலில் அவர் வீடு, அம்மா ராகி ரொட்டியும் தக்காளிச் சட்னியும் கொடுத்தார். வீட்டில் பேசுவது கடியா மொழி, என்னோடு அந்தப் பக்கத்துப் பேச்சுமொழியான சாத்ரி கலந்த இந்தி, தம்பி நடுவில் நின்று தமிழாக்கினார். மகன் தமிழ் பேசுவதைக் கேட்டு அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சர்ச் முடிந்து பத்து மணிக்கு மேல்தான் ஆட்டம்.

மைதானம் என்பது நெல் அறுத்த வயல். தாள்களை வெட்டி, வரப்பை உடைத்துச் சமப்படுத்தி, சுண்ணாம்பில் கோடு போட்டிருந்தார்கள். சமம் என்று சொன்னாலும் ஒரு பக்கம் நன்றாகவே சரிவு. கிடா ஒரு இலுப்பை மரத்தடியில் கட்டியிருந்தது, கழுத்தில் சாமந்தி மாலை. நல்ல எடை. ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் முதலில் அதைத் தொட்டுத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார இடம் தேடினார்கள்.

சின்னப் பிள்ளைகளின் மட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தேன். மூங்கிலை வேரோடு பிடுங்கி, வேர்ப்பக்கம் இயல்பாகவே வளைந்திருப்பதை அரிவாளால் செதுக்கி, நெருப்பில் காட்டி இன்னும் கொஞ்சம் வளைத்திருக்கிறார்கள். பிடிக்கிற இடத்தில் சைக்கிள் ட்யூப் சுற்று. எடை அதிகம், பத்து நிமிடத்தில் எனக்கு மணிக்கட்டு வலித்தது. இதை வைத்து ஏழெட்டு வயதிலிருந்து ஆடியவன் கையில் கம்பெனி மட்டையைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பெரியவர்கள் ஆட்டத்தில் நல்ல மட்டைகள் இருந்தன, கால் மட்டும் பாதிப் பேருக்கு வெறும் கால். பந்து கரட்டில் பட்டு எகிறுகிறது, எங்கே எகிறும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் எல்லோருமே பந்தை வாங்கும்போது உடம்பைத் தாழ்த்தி, மட்டையை மென்மையாகப் பிடித்து, பந்து வந்த வேகத்தைக் கையால் தின்றுவிடுகிறார்கள். தம்பி ரயிலில் ஃபூர்ஸ்டே என்று காட்டியது இதைத்தான். ஜெர்மனியில் டர்ஃபில் கற்றவர் ஒரு வழியில் அங்கே போய்ச் சேர்ந்தார், இவர்கள் வேறு வழியில். 2013-ல் இந்த ஊர் ஜனம் அவரைப் பார்த்ததும் ஏன் தன் ஆள் என்று ஏற்றுக்கொண்டது என்று எனக்கு அங்கேதான் விளங்கியது.

கூட்டத்தில் ஒரு பெரியவர் பழைய பச்சை ஸ்வெட்டருக்கு மேலே ரைனோஸ் சட்டை போட்டிருந்தார். எழுத்து பாதி உரிந்துவிட்டது. விற்கிறீர்களா என்று கேட்க வாய் வரவில்லை, படம் மட்டும் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். நிமிர்ந்து நின்று, கையைப் பக்கத்தில் ஒட்டவைத்துப் போஸ் கொடுத்தார். எங்கே வாங்கினீர்கள் என்றால், பேரன் ராஞ்சிக்கு ஆட்டம் பார்க்கப் போனபோது வாங்கி வந்ததாம். ரைனோஸ் இப்போது இல்லையே ஐயா என்றேன். "டீம் போயிருச்சு, நாங்க போகலையே" என்று அவர் சொன்னதைத் தம்பி மொழிபெயர்த்தபோது அவர் குரலிலும் ஒரு கோபம் வந்தது, பெரியவரின் கோபமா தம்பியுடையதா தெரியவில்லை.

இறுதி ஆட்டம் 1-1, வெளிச்சம் குறைந்துகொண்டே போனது, பெனால்டி ஸ்ட்ரோக்கில் முடித்தார்கள். தம்பியின் ஊர் தோற்றது. ஜெயித்த ஊர்க்காரர்கள் கிடாவைத் தோளில் தூக்கி மத்தளத்தோடு ஒரு சுற்று வந்து, தோற்ற அணியையும் விருந்துக்குக் கூப்பிட்டார்கள். அங்கே அதுதான் வழக்கமாம். நானும் போனேன்.

திங்கள், ரூர்கேலா

சிம்டேகாவிலிருந்து எல்லை தாண்டினால் ஒடிசாவின் சுந்தர்கர் மாவட்டம், அதுவும் இன்னொரு ஹாக்கி நாற்றங்கால். ரூர்கேலாவில் 2023 உலகக் கோப்பைக்காகக் கட்டிய பிர்சா முண்டா ஸ்டேடியம், 20,000 பேருக்கு மேல் உட்காரலாம். வெளியிலிருந்து பார்த்தேன், உள்ளே போக இன்று முடியவில்லை. ஊருக்கு வண்டி இங்கேயே பிடித்துவிடலாம், அதே தன்பாத் வண்டிதான், எதிர்த்திசையில்.

கஸ்ஸி போட்டிகள் பெரும்பாலும் அறுவடைக்குப் பிறகுதான், வயல் காய்ந்திருக்கும் மாதங்களில். போக நினைப்பவர்கள் டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரைக்கும் திட்டமிடுங்கள், ராஞ்சியிலிருந்து சிம்டேகாவுக்குக் காலை பஸ்ஸையே பிடியுங்கள், கனமான ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள். பழைய ரைனோஸ், ரேஸ், வீரன்ஸ், சீட்டாஸ் சட்டையோ டிக்கெட்டோ யாரிடமாவது இருந்தால் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். எந்த ஆட்டம், எந்த வருடம், யாரோடு போனீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தொகுத்து வைக்கப் போகிறேன்.